கேம் நிறுவன ஊழியர்களோடு மாநாட்டு விருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஆன்லைன் கேமை வருஷக்கணக்கில் விளையாடியவர்கள் கூடும் ரசிகர் மாநாடுகள் பலவற்றில் ஓர் இரவு விருந்து இருக்கும். அந்த கேமைச் செய்தவர்கள் மேசைக்கு ஒருவராக ரசிகர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லா பதில்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்கு: ஒரு மேசை, விருந்தினராக வரும் ஊழியரோடு சேர்த்துப் பத்து பேர், இரண்டு மணி நேரம். மேடைப் பேச்சு, பரிசளிப்பு எல்லாம் போகப் பேச மிஞ்சுவது ஒரு மணி நேரம் இருந்தாலே அதிகம். ஆளுக்கு ஆறேழு நிமிஷம். உங்கள் ஆறு நிமிஷம் வீணாகக் கூடாது, அடுத்தவருடைய ஆறு நிமிஷத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளவும் கூடாது.

பகலில் நடக்கும் கேள்வி நேரத்துக்கும் இந்த விருந்துக்கும் என்ன வித்தியாசம்?

பகல் அமர்வில் மேடையில் நாலு பேர், கீழே ஆயிரம் பேர், நடுவில் ஒரு மைக். அங்கே வரும் பதில் பெரும்பாலும் முன்கூட்டியே பேசிவைத்த பதில். விருந்து மேசையில் மைக் கிடையாது. பேசுகிறவர் தன் சொந்த வேலையைப் பற்றிப் பேசலாம்.

ஆன்லைன் கேம் உலகத்தில் இது பழைய வழக்கம். 1999 மார்ச்சில் வெளிவந்த எவர்குவெஸ்டை நடத்திய சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட், ஃபேன் ஃபேர் என்ற பெயரில் ரசிகர் கூட்டங்களை நடத்தியது. 2012இல் அதன் பெயர் எஸ்ஓஇ லைவ் ஆனது. அங்கே விருந்து ஒரு முக்கிய நிகழ்ச்சியாக இருந்தது. பிளிஸார்ட் நிறுவனத்தின் ரசிகர் மாநாடான பிளிஸ்கானை ஒட்டி நடந்த விருந்து வேறு வகை: அது நிதி திரட்டுவதற்காக நடந்தது, வருமானம் ஆரஞ்சு கவுன்டி குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனது. ஈவ் ஆன்லைனை உருவாக்கிய சிசிபி, 2004இலிருந்து ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் ஃபேன்ஃபெஸ்ட் நடத்திவருகிறது. அங்கே ஊழியர்களும் விளையாடுபவர்களும் கலப்பதற்கு மேசையே தேவைப்படுவதில்லை, ஊர் முழுக்கக் கலக்கிறார்கள். ஆகவே டிக்கெட் வாங்குமுன் உங்கள் மாநாட்டு விருந்து எந்த வகை என்று பாருங்கள்: ஊழியர் மேசையில் உட்காருகிறாரா, மேசை மேசையாகச் சுற்றி வருகிறாரா, மேடையில் மட்டும் தோன்றுகிறாரா. அறிவிப்பில் தெளிவாக இல்லையென்றால் அமைப்பாளர்களுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்துத்தான் மற்ற தயாரிப்பெல்லாம்.

மாநாட்டு பேட்ஜ் (நுழைவு அட்டை) இருந்தால் போதாதா?

பெரும்பாலும் போதாது. விருந்துக்குத் தனி டிக்கெட், அல்லது விருந்தையும் சேர்த்த விலை கூடிய பேட்ஜ். எண்ணிக்கையும் குறைவு, ஏனென்றால் மேசைகளின் எண்ணிக்கை என்பது வரக்கூடிய ஊழியர்களின் எண்ணிக்கைதான்.

விற்பனை தொடங்கும் நேரத்தை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக் குறித்துவையுங்கள். கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் நாடுகளில் நடக்கும் மாநாடு என்றால், நேர வித்தியாசம் வருஷத்துக்கு இரண்டு முறை மாறும். இதில் தவறவிட்டவர்கள் நிறைய. கணக்கை முந்தின நாளே தொடங்கி, மின்னஞ்சலை உறுதிசெய்து, முகவரியைச் சேமித்துவிடுங்கள். வெளிநாட்டுப் பணப் பரிவர்த்தனை உங்கள் கார்டில் திறந்திருக்கிறதா என்று வங்கி ஆப்பில் பாருங்கள். வரிசையில் முன்னால் நின்றும் டிக்கெட் கைநழுவுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான்: கார்டை வங்கி நிராகரிக்கும், மறுபடி முயல்வதற்குள் கூடையில் இருந்த டிக்கெட் அடுத்தவருக்குப் போய்விடும்.

பெயர் மாற்றம், பணம் திரும்பப் பெறுதல் இரண்டுக்கும் கடைசித் தேதி இருக்கும். சமையல் ஒப்பந்தக்காரருக்குத் தலைக்கணக்கைக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டால், நீங்கள் வராவிட்டாலும் உங்கள் தட்டுக்கு அமைப்பாளர்கள் பணம் கட்டியாக வேண்டும். பல இடங்களில் இது விருந்துக்கு மூன்று வேலைநாள் முன்பே முடிந்துவிடும். அதற்குப் பிறகு கெஞ்சிப் பயனில்லை.

எங்கள் கில்டில் (கேமில் சேர்ந்து விளையாடும் குழு) ஆறு பேர் வருகிறோம். ஒரே மேசையில் உட்கார முடியுமா?

ஒருவரே ஆறு டிக்கெட்டையும் வாங்குவதே சிறந்த வழி. ஆளுக்கொன்றாக வாங்கினால் கணினி உங்களை ஆறு தனி ஆட்களாகத்தான் பார்க்கும். ஒருவருக்கு இத்தனைதான் என்ற வரம்பு குறுக்கே வந்தால், பதிவுப் படிவத்தில் குழுப் பெயர் கேட்கும் இடத்தில் ஆறு பேரும் ஒரே எழுத்துக்கூட்டலில் ஒரே பெயரை எழுதுங்கள். ஒருவர் கில்டின் முழுப் பெயரையும் இன்னொருவர் சுருக்கத்தையும் எழுதினால் மேசை பிரிந்துவிடும்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். மேசையில் ஆறு பேர் ஒரே கில்டு என்றால், மீதி மூன்று பேர் தங்களுக்குள்ளும் பழக்கமில்லாத விருந்தாளிகளாகிவிடுவார்கள். கில்டு வேடிக்கைகளைத் தினமும் வாய்ஸ் சாட்டில் பேசிக்கொள்ளலாம். மூன்று மூன்றாக இரண்டு மேசைகளில் உட்கார்ந்தால் இரண்டு ஊழியர்களைச் சந்திக்கலாம், பிறகு கேட்டதைப் பரிமாறிக்கொள்ளலாம். எங்களைக் கேட்டால் இதுவே நல்லது.

மேசையில் எங்கே உட்காருவது?

வட்ட மேசைகள் பொதுவாக இரண்டு அளவு. 60 அங்குல விட்டமுள்ளதில் எட்டு பேர், 72 அங்குலத்தில் பத்து பேர். 72 அங்குல மேசையின் சுற்றளவு 226 அங்குலம், ஆளுக்கு 22½ அங்குல இடம். எதிரே இருப்பவர் ஆறடி தள்ளி இருக்கிறார். நடுவில் ஒரு பூங்கொத்தோ அலங்கார விளக்கோ இருக்கும், பின்னால் ஐம்பது மேசைகளின் இரைச்சல். எதிரில் இருப்பவர் சொல்வதில் பாதி காதில் விழாது. தெளிவாகக் கேட்பது இடப்பக்கம் இருவர், வலப்பக்கம் இருவர்.

ஆகவே ஊழியருக்கு எதிரில் உட்கார்ந்தால் முகம் தெரியும், பேச்சு கேட்காது. ஊழியரிடமிருந்து இரண்டாவது நாற்காலிதான் எங்கள் விருப்பம்: எல்லாம் கேட்கும், தோளோடு தோள் நெருக்கமும் இல்லை. இடம் குறிக்காத விருந்தென்றால் கதவு திறப்பதற்கு அரைமணி முன்னால் வரிசையில் நில்லுங்கள். மேடைக்கு இருபுறமும் நிற்கும் ஒலிபெருக்கிகளுக்கு நேர்முன்னே உள்ள மேசைகளை விட்டுவிடுங்கள். மேடை நன்றாகத் தெரியும் என்று அங்கே ஓடுகிறவர்கள், மேடையில் பாட்டு போட்டதும் பேச்சையே இழக்கிறார்கள்.

நடுவில் இருக்கும் அலங்காரம் உயரமாக இருந்தால் பரிமாறுபவரிடம் சொல்லி எடுக்கச் சொல்லலாம். தவறே இல்லை, மேசையே உங்களுக்கு நன்றி சொல்லும்.

எனக்குச் சில உணவு ஒத்துக்கொள்ளாது. என்ன செய்ய வேண்டும்?

மூன்று இடத்தில் சொல்ல வேண்டும். பதிவுப் படிவத்தில் ஒருமுறை. மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பு மின்னஞ்சலில் ஒருமுறை. மேசையில் உட்கார்ந்தவுடன், முதல் தட்டு வருவதற்கு முன், பரிமாறுபவரிடம் ஒருமுறை. படிவத்தில் எழுதியது சமையலறை வரை போய், பரிமாறுபவர் காதுக்கு எட்டாமல் நின்றுவிடுவது உண்டு.

தனி உணவு கேட்டவர்களுக்கு நிற அட்டை ஒன்றைத் தட்டின் பக்கத்தில் வைப்பார்கள், அல்லது பெயரட்டையில் குறி இருக்கும். பரிமாறுபவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, அட்டையைத்தான் பார்க்கிறார். நண்பருக்காக நாற்காலி மாறி உட்கார்ந்தால் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். சைவச் சாப்பாடு கேட்டவருக்கு முன்னால் இறைச்சித் தட்டு வந்து இறங்குவது பெரும்பாலும் இந்த நாற்காலி மாற்றத்தால்தான். ஒவ்வாமை கடுமையானது என்றால் மருந்தை ஹோட்டல் அறையில் விட்டு வராதீர்கள். வயிற்றுக்கு ஏதாவது அறையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தால், பசியில் கவனம் சிதறாது.

என்ன உடுத்துவது? காஸ்ப்ளே உடையோடு (கேம் பாத்திரம் போன்ற வேடத்தோடு) சாப்பிட உட்காரலாமா?

அழைப்பில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒன்றும் எழுதவில்லை என்றால் சுத்தமான முழுக்கைச் சட்டை, நல்ல புடவை, சல்வார் எதுவும் பொருந்தும். கேம் டி-ஷர்ட் அணிந்தவர்களும் இருப்பார்கள்.

காஸ்ப்ளே என்றால் மேலே சொன்ன 22½ அங்குலக் கணக்கை மறக்காதீர்கள். ஃபோமில் செய்த தோள் கவசங்கள் சாதாரணமாகவே இரண்டரை அடி அகலம் வரும். உட்கார்ந்ததும் இரண்டு பக்கத்தாரின் கன்னத்தையும் அவை தொடும். தோள் கவசம், இறக்கை, வால், தலைக்கவசம் ஆகியவை இரண்டு நிமிஷத்தில் கழலும்படி வெல்க்ரோ அல்லது காந்த இணைப்பு வைத்துத் தையுங்கள், ஒட்டிவிடாதீர்கள். கழற்றியதை வைக்க ஒரு பெரிய துணிப்பை வேண்டும். நாற்காலிக்குக் கீழே திணித்தால் பரிமாறுபவர் காலில் இடறும். சுவரோரம் எங்கே வைக்கலாம் என்று நிகழ்ச்சி உதவியாளரிடம் கேளுங்கள்.

கையுறை கழலாவிட்டால் சாப்பிட முடியாது. முகத்தில் முழுப் பூச்சு இருந்தால் தண்ணீர் குடிக்க ஸ்ட்ரா வேண்டும். முழு ஃபோம் உடையில் உடம்பு வெந்துபோகும், ஆகவே உட்காருவதற்கு முன்பே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிடுங்கள். பொம்மை ஆயுதங்களை நுழைவிடத்தில் சோதித்து, எடுக்க முடியாதபடி பிளாஸ்டிக் பட்டையால் கட்டி அனுப்புவார்கள். விருந்து மண்டபத்துக்குள் அவை வேண்டாம் என்றும் சொல்லலாம். அன்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் மேசைக்கு யார் வருவார் என்று முன்பே தெரியுமா?

சில இடங்களில் தெரியும், பல இடங்களில் தெரியாது. பெயர் தெரிந்ததும் அவருடைய வேலை என்ன என்று கேம் முடிந்ததும் ஓடும் பெயர்ப்பட்டியலில் பாருங்கள். தெரியாவிட்டால் உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக அதையே கேளுங்கள்: “நீங்கள் கேமில் எந்தப் பகுதியில் வேலை செய்கிறீர்கள்?”

ரசிகர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை, ஊழியர் என்றாலே கேமின் எல்லா முடிவும் அவருடையது என்று எண்ணுவது. மலைகளையும் கோட்டைகளையும் வரைந்து அடுக்குகிறவரிடம், உங்கள் கிளாஸின் (கேரக்டர் வகையின்) அடிபலத்தை ஏன் குறைத்தார்கள் என்று கேட்டால் அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அசைவுக் கலைஞருக்கு டிராகன் எப்படி நடக்கிறது என்பதுதான் தெரியும், அது எத்தனை பொற்காசு தருகிறது என்பதல்ல. புரோடியூசர் பெரும்பாலும் ஆட்களையும் நாட்களையும் சமாளிப்பவர். கிளாஸ் கேள்விகளுக்குப் பொருத்தமானவர், கேமின் விதிகளை வகுக்கும் சிஸ்டம் டிசைனர்.

பெரிய பெயர் வரவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். தரச் சோதனைப் பிரிவு, வாடிக்கையாளர் சேவை, சர்வர் பராமரிப்பு ஆகியவற்றிலிருந்து வருகிறவர்களிடம் கதைகள் குவிந்திருக்கின்றன. அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் என்னதான் கேட்பது?

வெளிவந்துவிட்ட வேலையைப் பற்றி, “எப்படி” என்று தொடங்கும் கேள்வி. இதுதான் திறவுகோல். வராததைப் பற்றிக் கேட்டால் அவர் வாயை மூட வேண்டும். வந்துவிட்டதைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்கும்.

ஒலி வடிவமைப்பாளரிடம்: அந்தக் குகையில் கேட்கும் உறுமல் எதைப் பதிவுசெய்து எடுத்தது? ஓவியரிடம்: இந்தக் கவசம் எத்தனை முறை மாறியது, முதல் வரைவில் எப்படி இருந்தது? சோதனையாளரிடம்: திரும்ப வரவழைக்க மிக அதிக நாள் பிடித்த பக் (கேமில் உள்ள பிழை) எது? மொழிபெயர்ப்புக் குழுவிடம்: எந்த வசனம் எந்த மொழியிலும் அடங்கவில்லை? யாராக இருந்தாலும்: நீங்கள் வைத்து, யாருமே கவனிக்காமல் போனது எது?

கேம் வரலாற்றில் எல்லாருக்கும் தெரிந்த நிகழ்ச்சி ஒன்றை வாசலாக வைத்தும் நுழையலாம். 2014 ஜனவரியில் ஈவ் ஆன்லைனில் பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் மண்டலத்தில் ஏறக்குறைய 21 மணி நேரம் போர் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் குவிந்ததால், சர்வர் விழாமல் இருக்க விளையாட்டின் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கி ஓட்டினார்கள். “அந்தப் போர் பிரமாதம்” என்றால் அவர் தலையாட்டுவார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். “நேரத்தைப் பத்து சதவீதத்துக்கு இறக்கிய பிறகும் முதலில் திணறியது எது?” என்று கேட்டால், சர்வர்க்காரர் காகிதக் கைக்குட்டையை இழுத்து அதில் படம் போடத் தொடங்குவார்.

எவர்குவெஸ்டிலும் அப்படி ஒன்று உண்டு. கொல்லவே முடியாது என்று விட்டிருந்த ஸ்லீப்பர் என்னும் டிராகனை 2003 நவம்பரில் ராலோஸ் ஸெக் சர்வரில் கில்டுகள் சேர்ந்து வீழ்த்தின. முதல் முயற்சியில் டிராகனின் உயிர் ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்திருந்தபோது நிறுவனத்தார் அதை மறைத்துவிட்டார்கள், பிறகு மறுவாய்ப்பு கொடுத்தார்கள். இதுபோன்ற நிகழ்ச்சியில் விளையாடியவரின் பக்கம் நமக்குத் தெரியும். “இப்படி நடக்கும்போது உங்கள் அறையில் யார் யாரைக் கூப்பிடுவார்கள்? யார் முடிவு எடுப்பார்?” என்று கேட்டால் மறுபக்கம் தெரியவரும்.

மூன்று கேள்வி தயார் செய்யுங்கள், ஒன்றைக் கேளுங்கள். பதில் வரும்போது அதிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். கையில் பட்டியலை வைத்து வரிசையாகக் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. மேசையில் கொஞ்ச நேரம் அவர் கையைப் பாருங்கள். முள்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி வாயருகே கொண்டுபோவார். யாராவது கேள்வி கேட்பார்கள். கரண்டி தட்டுக்குத் திரும்பும். பதில் முடிந்து மறுபடி எடுப்பார், அடுத்த கேள்வி வரும். கடைசியில் ஆறிப்போன முழுத் தட்டோடு எழுந்து போவார். காலை எட்டு மணியிலிருந்து நிற்கும் மனிதர் அவர். முக்கிய உணவு வந்ததும் மேசையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பத்து நிமிஷம் பேசிக்கொள்ளுங்கள், அவர் சாப்பிடட்டும். வயிறு நிறைந்தவர் நன்றாகவும் பேசுவார்.

எதைக் கேட்டால் பதில் வராது?

அடுத்த விரிவாக்கம் எப்போது, அறிவிக்காத அம்சங்கள், விற்பனை எண்ணிக்கை, ஆட்குறைப்பு, சக ஊழியர் ஏன் விலகினார், உங்கள் நண்பரின் கணக்கு ஏன் முடக்கப்பட்டது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள், மீறினால் வேலை போகும். கணக்கு முடக்கம் அந்த விளையாடுபவரின் தனிப்பட்ட விவகாரம், மூன்றாம் ஆளிடம் சொல்ல முடியாது.

“அதைப் பற்றிப் பேச முடியாது” என்று ஒருமுறை சொன்னால் விட்டுவிடுங்கள். “தலையை மட்டும் ஆட்டுங்கள்”, “சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் ஆமாம்தானே” என்று தோண்டினால், அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் அவர் அளந்துதான் பேசுவார். நஷ்டம் முழு மேசைக்கும்.

கேமில் எனக்குக் கோபம் இருக்கிறது. சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அக்கறை இருப்பதால்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்! ஆனால் அளவும் வடிவமும் முக்கியம். “நீங்கள் கேமைக் கெடுத்துவிட்டீர்கள்” என்பதில் அவர் எடுத்துப்போக எதுவும் இல்லை. “புதியவர்களை ரெய்டுக்குக் (பலர் சேர்ந்து போடும் பெரிய சண்டைக்கு) கூட்டிப்போகிறேன், மூன்றாவது பாஸில் (பெரிய எதிரியிடம்) பாதிப் பேர் விட்டுப்போகிறார்கள், தரையில் விழும் எச்சரிக்கை வட்டம் பனி நிறத்தோடு கலந்து தெரிவதில்லை” என்றால், அதை அவர் திங்கட்கிழமை அலுவலகத்தில் சொல்ல முடியும். எங்கே, யாருக்கு, என்ன நடக்கிறது. மூன்று வாக்கியம், ஒரு நிமிஷம்.

மேசையில் கம்யூனிட்டி மேனேஜர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். இத்தகைய குறைகளைத் திரட்டி உள்ளே கொண்டுபோவது அவர் வேலை.

பக் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். புதிய கேம் யோசனையும் எழுதிவைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

பக்கைக் கொடுக்கலாம், யோசனையைக் கொடுக்காதீர்கள்.

பக் என்றால் ஒரு சிறு அட்டையில் சர்வர், கேரக்டர் பெயர், இடம் (ஆயத்தொலைவுகள் தெரிந்தால் அவையும்), தேதி, நேரம், எந்த நேர மண்டலம், என்ன செய்தால் வருகிறது என்பதை வரிசையாக எழுதுங்கள். ஏற்கெனவே புகார் பதிவு செய்திருந்தால் அதன் எண்ணையும் சேருங்கள். “வேண்டுமா?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மற்றவர்களைச் சுரண்ட உதவும் பக் என்றால் மேசையில் சத்தமாக விளக்க வேண்டாம், கேட்கிறவர்கள் ஒன்பது பேர்.

யோசனை விஷயம் வேறு. கேட்காமல் வரும் வடிவமைப்பு யோசனைகளை வாங்கவோ படிக்கவோ கூடாது என்று பல நிறுவனங்களில் விதி உண்டு. அவர்கள் ஏற்கெனவே அதுபோன்ற ஒன்றைச் செய்துகொண்டிருந்து, பிறகு அது வெளிவந்தால், “என் யோசனையைத் திருடிவிட்டார்கள்” என்று வழக்கு வரலாம். ஆகவே நாற்பது பக்கக் கோப்பை நீட்டினால் அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வது அலட்சியத்தால் அல்ல.

ஆங்கிலம் சரளமாக வராது, கூச்சமும் உண்டு.

கேம் நிறுவனங்களில் பல நாட்டவர் வேலை செய்கிறார்கள், எதிரில் இருப்பவருக்கும் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாமல் இருக்கலாம். உங்கள் முதல் கேள்வியை உள்ளங்கை அளவு அட்டையில் எழுதிவையுங்கள். நாக்கு சிக்கினால் அட்டையையே காட்டலாம். அறிமுகத்துக்கு நான்கு விஷயம் போதும்: பெயர், சர்வர், கிளாஸ், எத்தனை வருஷம். கழுத்தில் தொங்கும் பேட்ஜில் கேரக்டர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது, கேரக்டர் பெயர் எதிர்பாராத ஆளுக்குத் தெரிந்திருக்கும், பேச்சைத் தொடங்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மேசையில் ஒருவரே பேசிக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது?

அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இன்னொருவரை உள்ளே இழுங்கள். “நீங்கள் ஹீலர்தானே (கூட்டாளிகளின் காயத்தை ஆற்றுபவர்), உங்களுக்கு அந்த இடம் எப்படி இருந்தது?” என்று வாய் திறக்காதிருப்பவரைப் பார்த்துக் கேளுங்கள். உங்களுக்காக இடத்தைப் பிடுங்கினால் சண்டை, அடுத்தவருக்காகத் திறந்துவிட்டால் யாரும் கோபிப்பதில்லை. இது நிச்சயமாக வேலை செய்யும்.

கையெழுத்து வாங்கும் முறை?

இனிப்பு வந்த பிறகு. ஆளுக்கு ஒரு பொருள். அதற்கு முன் மேசையைத் துடைத்துவிடுங்கள், எண்ணெய்க் கை பட்ட காகிதத்தில் மை ஒட்டாது.

பேனாவை நீங்களே கொண்டுவாருங்கள். வெளிர் நிறத்துக்கு மெல்லிய முனையுள்ள கறுப்பு பெர்மனன்ட் மார்க்கர். கேம் பெட்டிகள் பெரும்பாலும் கறுப்பு என்பதால் வெள்ளி நிற பெயின்ட் மார்க்கரும் வேண்டும். பெயின்ட் மார்க்கரைக் குலுக்கி, முனையை வேண்டாத காகிதத்தில் அழுத்தி, மையை இறக்கும் வேலையை வீட்டிலேயே செய்துவிடுங்கள். மண்டபத்தில் முதல்முறை அழுத்தினால் ஒரு பெரிய சொட்டு பெட்டியின் நடுவில் விழும். பளபளப்பான பரப்பில் மை காயச் சில நிமிஷம் பிடிக்கும், அதுவரை கிடையாக வையுங்கள். உடனே பைக்குள் போட்டால் கையெழுத்து பையின் உள்புறத்தில்தான் இருக்கும். சில கேம் பெட்டிகளில் வரும் துணி வரைபடம் என்றால் கீழே ஒரு கெட்டி அட்டையைக் கொடுத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடியுங்கள். தளர்ந்த துணியில் முனை சிக்கும்.

முழுக் குழுவின் கையெழுத்தும் வேண்டும் என்றால், ஓவிய நூலின் முதல் வெற்றுப் பக்கம் போல் இடம் அதிகமுள்ள ஒரே பொருளைத் தேர்ந்தெடுங்கள். மற்ற மேசைகளில் சாப்பாடு முடிந்த பிறகே அங்கே போங்கள்.

பரிசு கொடுக்கலாமா?

சிறியதாக இருந்தால் கொடுக்கலாம். விலை உயர்ந்ததை வாங்க நிறுவன விதி இடம்தராது, பெரியது விமானப் பெட்டியில் போகாது, வீட்டில் சமைத்ததை யாரும் சாப்பிடத் துணிய மாட்டார்கள். கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம் எல்லாவற்றையும் விட நன்றாக நிற்கும்: அவர் செய்த எந்த இடம், உங்கள் வாழ்வில் எந்த நாளில், என்ன செய்தது. கூட வேலை செய்த எல்லாருக்கும் என்று எழுதினால் அலுவலகச் சுவரில் ஒட்டவும் வாய்ப்புண்டு.

போட்டோ, வீடியோ?

போட்டோவுக்கு முன் கேளுங்கள், வெளியே போடுவதற்கு இன்னொரு முறை கேளுங்கள். இரண்டும் வேறு வேறு அனுமதி. பேச்சை ரகசியமாகப் பதிவு செய்யாதீர்கள். திரையில் வெளிவராத காட்சிகளைக் காட்டப்போகிறோம் என்று அறிவித்தால் போன் பைக்குள் போகட்டும்.

மது பரிமாறுவார்களா?

இடத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் பார் தனியாக இருக்கும், அடையாள அட்டை கேட்பார்கள். ஊழியருக்கு வாங்கித்தந்து குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அவர் இன்னும் வேலை நேரத்தில்தான் இருக்கிறார்.

கேம் விளையாடாத துணையை அழைத்துவரலாமா?

அவருக்கும் டிக்கெட் இருந்தால் தாராளமாக. “இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்?” என்று அவர் சாதாரணமாகக் கேட்பதற்கு, ரசிகர்கள் யாரும் பெறாத நீண்ட பதில் கிடைப்பதும் உண்டு. வயது வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சில விருந்துகளில் சிறுவர்களுக்கு அனுமதி இல்லை.

அங்கே வேலை கேட்கலாமா?

வேலைக்கு வந்த பாதையைக் கேளுங்கள், வேலையைக் கேட்காதீர்கள். சுயவிவரக் குறிப்பு மேசைக்கு வர வேண்டாம். எந்தத் திறமையைப் பார்க்கிறார்கள், மாதிரி வேலைகளில் முதலில் எதைப் புரட்டுவார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டால், வீட்டுக்குப் போய்ச் செய்ய ஆறு மாத வேலை கிடைக்கும்.

எங்கள் மேசைக்கு யாருமே வரவில்லை!

நடக்கும். சர்வர் விழுந்திருக்கலாம், விமானம் தாமதித்திருக்கலாம், உடம்புக்கு முடியாமல் போயிருக்கலாம். மாநாட்டில் ஆயிரம் கைகளைக் குலுக்குகிறவர்களுக்குக் காய்ச்சல் வருவது சகஜம். (நீங்களும் சாப்பிடுமுன் கை கழுவுங்கள். இருமல் இருந்தால் முகக்கவசம் போடுங்கள், கைகுலுக்காதீர்கள்.) முதல் தட்டு முடியும் வரை பொறுங்கள். அப்போதும் நாற்காலி காலியாக இருந்தால் ஒருவர் மட்டும் எழுந்து அமைப்பாளரிடம் மேசை எண்ணைச் சொல்லுங்கள். உணவு இடைவேளைகளில் ஊழியர்களை மேசை மாற்றும் மாநாடுகளில் உங்களுக்கு அடுத்த சுற்றில் ஆள் அனுப்ப முடியும். இனிப்பு வந்த பிறகு சொன்னால் யாராலும் உதவ முடியாது.

யாராவது அத்துமீறி நடந்துகொண்டால்?

ரசிகரோ ஊழியரோ, யாராக இருந்தாலும் மாநாட்டின் நடத்தை விதி பொருந்தும். புகார் எண் பேட்ஜின் பின்புறத்திலோ நிகழ்ச்சிக் கையேட்டிலோ இருக்கும், போகுமுன் போனில் பதிந்துவையுங்கள். மேசை எண், நேரம், சொன்ன சொல் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொண்டு அன்றிரவே சொல்லுங்கள். ஊழியரை லிஃப்ட் வரை பின்தொடர்வதும், எந்த அறையில் தங்கியிருக்கிறார் என்று கேட்பதும் அத்துமீறல்தான், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும்.

விருந்தில் கேட்டதை வெளியே எழுதலாமா?

எழுந்து போகுமுன் அவரையே கேளுங்கள்: “நீங்கள் சொன்ன அந்த டிராகன் கதையை எழுதலாமா, பெயரோடா, பெயர் இல்லாமலா?” பெரும்பாலும் பெயர் இல்லாமல் எழுதச் சொல்வார்கள். அறைக்குப் போனதும் தூங்குமுன் கால்மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுங்கள், காலையில் பாதி மறந்துவிடும். எழுதும்போது அவர் சொன்ன சொல்லை மட்டும் எழுதுங்கள். “செய்ய ஆசைதான்” என்றவர், “செய்யப்போகிறோம்” என்றதாக வெளியே போனால், இரண்டே நாளில் அது வாக்குறுதியாகப் பரவும். அலுவலகத்தில் விசாரணை அவர் மேல்தான் நடக்கும். அடுத்த வருஷம் அவர் மேசைக்கு வரமாட்டார், வந்தாலும் பேசமாட்டார்.

நிறுவனத்தின் கம்யூனிட்டி குழுவுக்கு ஒரு நன்றி மின்னஞ்சல் போடுங்கள். அதில் ஊழியரின் பெயரையும், மேசையில் யாருக்கு எதை எவ்வளவு பொறுமையாக விளக்கினார் என்பதையும் குறிப்பிடுங்கள். ஐந்து வரி போதும், ஆனால் அந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.